இலவச நாணயமும் கடைக்காரரின் நாணயமும்



சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சுந்தரபாண்டியத்தில் உள்ள என் பலசரக்குக் கடைக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. மற்றவர் வெளியூர். இருவரும் மரியாதையாகப் பேசினார்கள். கையில் ஒரு கட்டு ஸ்டிக்கர். அதில் கண்ணாடி போட்ட நாய்ப் படம், பக்கத்தில் மத்தாப்பு, கீழே ஒரு கியூஆர் கோடு.

"அண்ணாச்சி, இதைக் கல்லாப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. இதை ஸ்கேன் செய்கிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எங்கள் கிரிப்டோ நாணயம் பத்தாயிரம் இலவசம். தீபாவளிப் பரிசு! அவர்கள் எங்கள் குழுவில் சேர்ந்து, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் போதும். நூறு பேர் சேர்ந்தால் உங்கள் கணக்கில் ஐந்து லட்சம் நாணயம் வந்துவிடும்" என்றார்கள்.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். "இந்த நாணயத்தை நாளைக்கு என் கடையில் கொடுத்தால் நான் ஒரு கிலோ சீனி கொடுக்கலாமா?" இப்போதைக்கு முடியாது, பெரிய சந்தையில் பட்டியலிட்ட பிறகு முடியலாம் என்றார்கள். "இதைத் தயாரித்தவர் யார்? எந்த ஊர்?" பெயரை வெளியிடுவது இந்தத் துறையில் வழக்கமில்லை என்றார்கள். "ஏதாவது கோளாறு என்றால் என் வாடிக்கையாளர் யாரிடம் போய்க் கேட்பது?" அதைக் கம்யூனிட்டி பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அந்த மூன்றாவது பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது. கம்யூனிட்டி என்றால் என் கல்லாதான். டீ வாங்கிக் கொடுத்து, ஸ்டிக்கர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆடிப் பதினெட்டு நெருங்குகிறது. அன்றுதான் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். நாம் எல்லோரும் ஆர்டர் கொடுக்கும் காலம். இந்த முறை காலண்டர் அட்டையிலேயே இத்தகைய கியூஆர் கோட்டை அச்சடித்தால் அச்சுச் செலவில் ஒரு பங்கைத் தருகிறோம் என்று நம் பகுதியில் சிலரிடம் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆர்டர் கொடுக்கும் முன் நண்பர்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

கொசுறு கொடுத்து வளர்ந்தவர்கள் நாம்

இலவசம் என்றதும் முகம் சுளிப்பவன் அல்ல நான். காய்கறிக்கடையில் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாகக் கொடுத்து வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொண்ட மரபு நம்முடையது. குழந்தை கையில் ஒரு மிட்டாய், வருடப் பிறப்புக்கு ஒரு காலண்டர், தீபாவளிக்கு ஒரு துணிப்பை, ஆடிக்குத் தள்ளுபடி, சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர் என்று கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஆனால் இந்தக் கொசுறுக்கெல்லாம் ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலாவது, கொடுப்பவருக்குச் செலவு. காலண்டருக்கு அச்சகத்துக்குப் பணம் கட்டுகிறோம். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டாவது, வாங்கியவருக்கு அது அன்றைக்கே பயன். மிட்டாய் இனிக்கிறது, பை சுமக்கிறது, காலண்டர் ராகுகாலம் காட்டுகிறது. மூன்றாவது, வாங்கியவர் அதற்காக வேறு யாரையும் அழைத்து வர வேண்டியதில்லை. நான்காவது, பை கிழிந்தால் "என்ன அண்ணாச்சி, இப்படி ஒரு பையைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று நேரில் கேட்கலாம்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த இளைஞர்கள் கொண்டுவந்த பரிசைப் பார்ப்போம்.

நாய்ப்படத்தின் கதை

மீம் என்றால் கைபேசியில் சுற்றிவரும் கேலிப்படம். அப்படி ஒரு படத்தின் பெயரில் வெளியிடப்படும் கிரிப்டோ நாணயமே மீம் நாணயம். இதில் மூத்தது டோஜ்காயின். ஜப்பானில் வளர்ந்த கபோசு என்ற ஷிபா இனு நாயின் படத்தை வைத்து, அமெரிக்காவின் பில்லி மார்க்கஸ், ஆஸ்திரேலியாவின் ஜாக்சன் பால்மர் என்ற இருவர் 2013 டிசம்பரில் இதை வேடிக்கையாகத் தொடங்கினார்கள்.

நாயின் மதிப்பு ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமது ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. உண்மையான குட்டிக்கு ஒரு விலை உண்டு. அது வளரும், காவல் காக்கும். படத்து நாய்க்கு விலை எப்படி வருகிறது? எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதால் மட்டுமே வருகிறது. அதற்குப் பின்னால் நிலமில்லை, தறியில்லை, சரக்கில்லை. பேசுகிறவர்களின் கூட்டமே அதன் சரக்கு. ஆகவேதான் இந்தத் தொழிலில் முதல் வேலை கூட்டம் சேர்ப்பது. கூட்டம் சேர்க்கும் வழி இலவசம்.

இந்த வழிக்கு முன்னோடி பிட்காயின்தான். 2010-ல் கேவின் ஆண்ட்ரசன் என்ற மென்பொருள் வல்லுநர், கேட்டவருக்கெல்லாம் ஆளுக்கு 5 பிட்காயினை இலவசமாகக் கொடுத்தார். அன்று அதன் விலை சில காசுகள்கூட இல்லை. மக்கள் தொட்டுப் பார்த்துப் பழக வேண்டும் என்பது அவர் நோக்கம். டோஜ்காயின்காரர்களும் ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் டீக்காசு கொடுப்பதுபோல் நாணயங்களை அன்பளிப்பாக அனுப்பிக்கொண்டார்கள். 2014 குளிர்கால ஒலிம்பிக்கிற்குப் போகப் பணமில்லாமல் நின்ற ஜமைக்கா நாட்டுப் பனிச்சறுக்கு வண்டி அணிக்கு 25,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்கக் கூடாது.

ஆனால் அதைத் தொடங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? மார்க்கஸ் தன்னிடம் இருந்ததையெல்லாம் 2015-லேயே விற்றுவிட்டதாகவும், ஒரு பழைய ஹோண்டா சிவிக் கார் வாங்கும் அளவுக்குத்தான் பணம் வந்தது என்றும் பின்னர் சொன்னார். பால்மர் விலகிப்போய், 2021-ல் கிரிப்டோ தொழிலையே கடுமையாகக் கண்டித்து எழுதினார். வேடிக்கைக்குச் செய்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வேடிக்கையைத் தொழிலாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள்.

பண்டிகை நாள் பார்த்துப் பரிசு

பரிசு ஏன் பண்டிகையில் வருகிறது? நமக்கே தெரியும். போனஸ் கையில் இருக்கும் நேரம். வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் நேரம். கொடுப்பதும் வாங்குவதும் மங்கலம் என்று மனம் இளகியிருக்கும் நேரம். மற்ற நாளில் "எதற்குக் கொடுக்கிறாய்?" என்று கேட்பவர், பண்டிகை நாளில் கேட்க மாட்டார்.

இதற்குப் பெரிய உதாரணம் போங்க் என்ற நாணயம். அதுவும் நாய்ப்படம்தான். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய கிரிப்டோ சந்தை திவாலானது. அதனோடு நெருக்கமாக இருந்த சொலானா என்ற கிரிப்டோ அமைப்பும் ஆட்டம் கண்டது. கூட்டம் கலைந்துகொண்டிருந்த வேளையில், சரியாக கிறிஸ்துமஸ் அன்று போங்க் வெளியானது. மொத்தம் 100 லட்சம் கோடி நாணயங்கள். அதில் பாதியைச் சொலானாவைப் பயன்படுத்திவந்தவர்களுக்கும், அதில் படம் வரைபவர்களுக்கும், மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இலவசமாகப் பங்கிட்டார்கள். இப்படி வானத்திலிருந்து பொட்டலம் போடுவதுபோல் கொடுப்பதற்கு ஏர்டிராப் என்று பெயர். 2023 ஜனவரி முதல் வாரத்திலேயே விலை பல மடங்கு ஏறியது. அதே வேகத்தில் இறங்கவும் செய்தது. பிறகு 2023 டிசம்பரில் மறுபடி ஏறியது.

கூட்டம் சேர்க்கும் உத்தி என்ற முறையில் அது வெற்றி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊருக்கு வரும் ஆட்கள் அந்த ஒரு வெற்றியைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து அதே மாதிரி நாயும் பூனையும் தவளையுமாக வெளியிட்டுக் காணாமல் போனவற்றைக் காட்டுவதில்லை. பரிசுச் சீட்டு விழுந்தவர் படத்தை மாலையோடு ஒட்டி, விழாதவர்களைப் பற்றிப் பேசாமல் விட்ட லாட்டரிக் கடைகளைப் பார்த்தவர்கள் நாம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி ஏன் தடை செய்யப்பட்டது என்பதும் நமக்கு நினைவிருக்கிறது.

தட்டில் இருக்கும் பணம் எவ்வளவு?

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். "பத்தாயிரம் நாணயம் இலவசம்" என்கிறார்களே, அதன் மதிப்பு என்ன?

இந்த நாணயங்கள் பெரும்பாலும் ஒரு பொதுத் தட்டு மூலம் விற்பனையாகின்றன. தட்டின் ஒரு பக்கம் நாணயம், மறுபக்கம் பணம். தயாரித்தவர் ஒரு கோடி நாணயமும் ரூ.1 லட்சமும் போட்டுத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தின் விலை 1 பைசா. அவர் அச்சடித்தது மொத்தம் 1,000 கோடி நாணயம். அச்சடிக்க அவருக்குச் செலவு சொற்பம். இப்போது விளம்பரத்தில் என்ன போடுவார்? "சந்தை மதிப்பு ரூ.10 கோடி!" என்று போடுவார். கணக்குப்படி அது பொய்யும் இல்லை. ஆனால் தட்டில் உள்ள ரொக்கம் ரூ.1 லட்சம்தான்.

நம் கடையின் 1,000 வாடிக்கையாளருக்கு ஆளுக்குப் பத்தாயிரம் என்று ஒரு கோடி நாணயம் கொடுத்தாயிற்று. ஒவ்வொருவர் கைபேசியிலும் ரூ.100 என்று காட்டும். எல்லோரும் விற்க வந்தால் என்ன ஆகும்? தட்டில் நாணயம் சேரச்சேர விலை இறங்கும்படி அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. முதலில் விற்றவருக்கு ஏறக்குறைய ரூ.100 கிடைக்கும். கடைசியில் விற்றவருக்கு ரூ.25 கிடைக்கும். ஆயிரம் பேருக்கும் சேர்த்து ரூ.1 லட்சம் அல்ல, ரூ.50,000தான் வரும்.

தயாரித்தவர் கையில் இன்னும் 998 கோடி இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டு அதில் வெறும் 9 கோடியைத் தட்டில் போட்டால், அங்குள்ள ரூ.1 லட்சத்தில் ரூ.90,000 அவர் பைக்குப் போய்விடும். முதலில் போட்டது அவருடைய பணம்தானே என்று கேட்கலாம். உண்மை. அதற்கு மேல் தட்டில் வந்து சேரும் பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. இலவசமாகப் பத்தாயிரம் பெற்று, விலை ஏறுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்குவோம்" என்று வருகிறவர்கள் போடும் பணம் அது. அதற்காகத்தான் முதல் பத்தாயிரம் இலவசம். மசால் வடை எலிக்கு இலவசம்தான்.

சில நேரம் வாங்க மட்டும் வழி வைத்து, விற்க வழி வைக்காமலே விடுகிறார்கள். 2021-ல் புகழ்பெற்ற கொரியத் தொடரின் பெயரைச் சொல்லி ஸ்க்விட் என்ற நாணயம் வந்தது. தொடரைத் தயாரித்தவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நவம்பர் 1-ஆம் தேதி ஒரு நாணயம் 2,800 டாலரைத் தாண்டியது. அன்றே சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு அருகில் விழுந்தது. தட்டில் இருந்த 33 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தோடு நடத்தியவர்கள் மறைந்தார்கள். வாங்கியவர்களில் பலர் விலை ஏறிக்கொண்டிருந்தபோதே விற்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

நேர்மையானவர் கையில் கிடைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஷிபா இனு நாணயத்தைத் தொடங்கியவர்கள் விளம்பரத்துக்காக அதில் பாதியை, எதீரியம் அமைப்பை உருவாக்கிய விட்டலிக் புட்டெரினுக்கு அவர் கேட்காமலே அனுப்பி வைத்தார்கள். அவர் 2021 மே மாதம் அதில் 50 லட்சம் கோடி நாணயங்களை இந்தியாவின் கொரோனா நிவாரண நிதி ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பட்டியல் விலையில் அது 100 கோடி டாலருக்கு மேல். ஆனால் செய்தி வந்த உடனேயே விலை சரிந்தது. நிதியை நடத்தியவர்கள் சந்தை கலையாதபடி சிறிது சிறிதாகத்தான் விற்க வேண்டியிருந்தது. விருதுநகர் சந்தையில் ஒரே நாளில் ஆயிரம் மூட்டை வற்றலை இறக்கினால் காலை விலை மாலையில் நிற்குமா? நிற்காது என்பது நமக்குத் தெரியும். கைபேசித் திரையில் பார்க்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

உண்மையில் கொடுக்கப்படுவது எது?

தயாரித்தவருக்கு நாணயம் செலவில்லை. வாடிக்கையாளருக்கு அது அன்றைக்குப் பயனில்லை. அப்படியானால் இந்தப் பரிசு வழங்கும் விழாவில் உண்மையான மதிப்புள்ள எதையோ யாரோ கொடுத்திருக்க வேண்டுமே! கொடுத்தவர் கடைக்காரர். கொடுத்தது அவர் பெயர்.

பக்கத்து ஊரில் எனக்கு ஒரு வியாபார நண்பர். அவரிடமும் இதேபோல் ஆட்கள் போனார்கள். அவர் சம்மதித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கடைக்கு இரு பக்கமும் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. இளவட்டங்கள் எல்லாவற்றையும் கைபேசியில் ஆர்டர் செய்கிறார்கள். தன் கடைக்கும் புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். பொங்கல் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் கடை வாட்ஸ்அப் குழுவில் இருந்த முந்நூறு பேரும் அந்தக் குழுவுக்குப் போனார்கள். விலை ஏறுவதாகத் தினமும் செய்தி வந்தது.

மாசி மாதம், இலவச நாணயத்தைப் பணமாக்க வேண்டுமானால் முதலில் "கணக்கைத் திறக்கும் கட்டணம்" ரூ.1,500 கட்ட வேண்டும் என்று செய்தி வந்தது. தறி ஓட்டும் ஒரு அம்மா தன் வாரக் கூலியிலிருந்து அதைக் கட்டினார். அடுத்து வரிக் கட்டணம் என்று ரூ.2,000 கேட்டார்கள். அதையும் கட்டினார். பிறகு குழுவே இல்லை. அந்த அம்மா போலீசுக்குப் போகவில்லை. நாணயம் தயாரித்தவரைத் தேடவில்லை. நேராக நண்பரின் கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன் நின்று, "அண்ணாச்சி, நீங்கள் ஒட்டியிருந்தீர்கள் என்றுதானே கட்டினேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நண்பரிடம் பதில் இல்லை. அந்த அம்மாவுக்கும், பின்னால் வந்த பத்துப் பேருக்கும் அவர் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். கொடுத்திருக்க வேண்டிய சட்டக் கடமை அவருக்கு இருந்ததா என்றால், அது வேறு விஷயம். கடை நடத்த வேண்டிய கடமை இருந்தது. பணம் கேட்காமல், கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரியாது. அதுதான் பெரிய நட்டம் என்று சொல்லி வருந்தினார்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்: நாணயம். நம் முன்னோர் தெரியாமல் அப்படி வைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது என்ன? ஊர்ப்பெயரின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்குச் சட்டம் கொடுத்த காப்பு. நம் கடைப்பெயருக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. நாம்தான் காக்க வேண்டும்.

தெரிந்தவர் முகத்தைக் காட்டி நம்ப வைப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றோரின் ட்விட்டர் கணக்குகளைத் திருடி, "அனுப்பும் பிட்காயினை இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. 2021 டிசம்பர் 12 அதிகாலையில் நமது பிரதமரின் கணக்கிலேயே புகுந்து, அரசு 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குப் பங்கிடப்போவதாகப் பொய்ச் செய்தி போட்டார்கள். இமாசலப் பிரதேசத்தில் 2018 முதல் பரவிய ஒரு போலி நாணயத் திட்டத்தில் போலீஸ்காரர்களே பலர் பணம் போட்டு, தெரிந்தவர்களையும் சேர்த்துவிட்டிருந்தது 2023 விசாரணையில் வெளியானது. பெரிய இடங்களில் திருட வேண்டியிருந்த முகத்தை, சிறிய ஊர்களில் நாமே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் சுருக்கமாக

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி. அதற்கு மேல் செஸ். அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்க முடியாது. கடை வியாபார லாபத்திலும் கழிக்க முடியாது. இலவசமாகக் கிடைத்த நாணயத்துக்கும் வரிக் கணக்கு உண்டு. நூறு பேரைச் சேர்த்ததற்காக நமக்கு வரும் ஐந்து லட்சம் நாணயம் பரிசு அல்ல, கமிஷன் என்று அதிகாரி சொன்னால் நாம் என்ன பதில் சொல்வது?

வரி விதித்ததால் அரசு இதற்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. கிரிப்டோ விளம்பரங்களில், இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, நட்டத்துக்கு எந்த ஒழுங்குமுறை அமைப்பிடமும் பரிகாரம் இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கையைக் கட்டாயம் போட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழுவே 2022-ல் விதி வகுத்தது. நம்மிடம் வந்த ஸ்டிக்கரில் அந்த வரியைக் காணோம். ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பரிசு அறிவித்துவிட்டுக் கொடுக்காமல் விடுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புகார் வந்தால் வெளிநாட்டில் பெயர் தெரியாமல் இருப்பவருக்கு நோட்டீஸ் போகாது. பெயர்ப்பலகை போட்டு ஊரில் கடை வைத்திருப்பவருக்குத்தான் வரும்.

இளைஞர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

என் அண்ணன் மகன் இதைப் படித்துவிட்டு, "சித்தப்பா, 2010-ல் அந்த 5 பிட்காயினை வாங்கியவர் வைத்திருந்தால் இன்று கோடீஸ்வரர். நீங்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்றே சொல்வீர்கள்" என்றான்.

நியாயமான பேச்சு. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். உன் சொந்தக் காசில், போனாலும் பாதகமில்லை என்ற அளவில், வரி கட்டி, நீ வாங்குவது உன் விருப்பம். அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதோடு என் அறிவுரை முடிந்தது. கடை வாடிக்கையாளரின் செல் நம்பரும் கடையின் பெயரும் உன் சொந்தக் காசு அல்ல. அவை உன் தாத்தா எடை குறையாமல் நிறுத்துச் சேர்த்தவை. அவற்றைப் பணயம் வைக்க உனக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. தம் கூட்டத்தாரோடு தினமும் பேசுகிறார்கள். கேள்விக்கு உடனே பதில் சொல்கிறார்கள். வந்தவருக்கு நன்றி சொல்கிறார்கள். நாம் ஒரு வாடிக்கையாளரை இருபது வருடம் பார்த்தும் அவர் மகள் பிளஸ் டூ தேறியதற்கு ஒரு வாழ்த்து சொல்வதில்லை. கூட்டம் சேர்ப்பது தவறில்லை. எதைக் கொடுத்துச் சேர்க்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நமது சங்கம் அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் தெரியாத எந்த நாணயத்துக்கும், முதலீட்டுத் திட்டத்துக்கும் உறுப்பினர் கடையில், பில்லில், பையில், காலண்டரில் விளம்பரம் இடம்பெறக் கூடாது.

இரண்டு, வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களை எந்தக் காரணத்துக்காகவும் வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு கடையும் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று, ஏமாந்தவர்கள் வந்தால் விரட்டாமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய உதவ வேண்டும். காலதாமதம் ஆக ஆகப் பணம் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

நான்கு, வரும் தீபாவளிக்குக் கடைவீதிக் கடைகள் சேர்ந்து, செலவைப் பங்கிட்டு, பொதுவான பரிசுக் கூப்பன் ஒன்றை வெளியிடலாம். எந்த உறுப்பினர் கடையில் கொடுத்தாலும் அதில் அச்சிட்ட ரூபாய்க்குச் சரக்கு கிடைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவரை இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடமும் நான் சிவகாசியில் ஐந்நூறு காலண்டர்தான் ஆர்டர் கொடுக்கப்போகிறேன். அச்சுக்கூலி ஏறியிருக்கிறது, கையைக் கடிக்கத்தான் செய்யும். அட்டையில் முருகன் படமும் என் கடைப் பெயரும் மட்டும் இருக்கும். வருடம் முழுக்க ஒரு வீட்டுச் சுவரில் என் பெயர் தொங்கப்போகிறது என்றால், அதன் பக்கத்தில் வேறு யார் பெயர் இருக்கலாம் என்று நான் பார்க்க வேண்டாமா?

வணிகப் பெருமக்களே, சிந்தியுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் சிந்தியுங்கள்.